உம்மாவின் பெயரில் ஒரு கிணறு

 



சில மாதங்களுக்கு முன்னர் எனக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் வளைகுடா நாடொன்றில் தொழில் புரியும் ஓர் இளைஞர். அவரது அனுமதியோடு, ஊரையும் பெயரையும் நீக்கிவிட்டு, அக்கடிதத்தின் சாரத்தை உங்கள் முன் வைக்கிறேன். ஏனெனில், அதில் உள்ள கேள்வி அவருடையது மட்டுமன்று. நம்மில் பலருடைய வீடுகளில், கேட்கப்படாமலேயே கிடக்கின்ற கேள்வி அது.

அவர்கள் நான்கு சகோதரர்கள். அவர்களுக்கு மூத்தவராக ஒரு சகோதரி. தாயார் வபாத்தான பின்னர், உம்மாவின் பெயரில் நிலையான தர்மம் ஒன்றைச் செய்வோம் என ஐவரும் தீர்மானித்தார்கள். தண்ணீர் இல்லாத ஆபிரிக்கக் கிராமமொன்றில் ஒரு கிணறு அமைப்பது அவர்களது எண்ணம். சகோதரர்கள் ஒவ்வொருவரும் மாதம் 5,000 ரூபாவும், சகோதரி 500 ரூபாவும் போட்டு வந்தார்கள். மூன்று ஆண்டுகளில் 7 இலட்சத்து 38 ஆயிரம் ரூபா சேர்ந்தது.

விடுமுறையில் ஊர் வந்த அந்த இளைஞர், மாரி மழை பெய்த ஓர் இரவில் சகோதரியின் வீட்டில் தங்க நேர்ந்தது. கூரை நான்கு இடங்களில் ஒழுகியது. விதவையான அந்தச் சகோதரி, பாத்திரங்களை எடுத்து ஒழுகும் இடங்களில் வைத்துவிட்டு, பிள்ளைகளின் பாயை மூன்றாவது முறையாக இடம் மாற்றிப் போட்டார். ஒரு வார்த்தையும் முறையிடவில்லை. ஸுப்ஹுக்கு முன்னரே எழுந்து, கடைகளுக்குக் கொடுப்பதற்காக இடியப்பம் அவிக்கத் தொடங்கினார். மாதாமாதம் வந்த 500 ரூபா எங்கிருந்து வந்தது என்பது அன்றுதான் தனக்குத் தெரிந்தது என்று அவர் எழுதியிருந்தார்.

மறுநாள் அவர், "ராத்தா, அந்தப் பணத்தில் முதலில் இந்தக் கூரையை மாற்றுவோம்" என்று சொன்னார். சகோதரி மறுத்துவிட்டார். "அது உம்மாவின் கிணற்றுக்குப் போட்ட காசு. அதில் கை வைக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். "மௌலவி அவர்களே, நாங்கள் என்ன செய்ய வேண்டும்?" என்பதே கடிதத்தின் இறுதி வரி.

அன்பர்களே! அக்கடிதத்தை வாசித்துவிட்டு நான் நீண்ட நேரம் அமர்ந்திருந்தேன். இலகுவான பதில் இரண்டு இருக்கின்றன. "வீட்டில் ஏழை இருக்க, வெளிநாட்டில் கிணறு எதற்கு?" என்பது ஒன்று. "அல்லாஹ்வுக்காக ஒதுக்கியதைத் திருப்பி எடுக்கலாமா?" என்பது மற்றொன்று. முதற் பதிலைச் சொல்பவர்களில் பலர் வீட்டு ஏழைக்கும் கொடுப்பதில்லை, வெளி ஏழைக்கும் கொடுப்பதில்லை. இரண்டாவது பதிலைச் சொல்பவர்கள் ஒழுகும் கூரையின் கீழ் ஓர் இரவு தங்கிப் பார்ப்பதில்லை. எனவே, இவ்விரண்டையும் விட்டுவிட்டு, நமது முன்னோரின் வாழ்வில் விடை தேடுவோம்.

உமர் (ரழி) அவர்களுக்கு கைபரில் ஒரு நிலம் கிடைத்தது. அதைவிடச் சிறந்த சொத்து எதுவும் அவர்களிடம் இருக்கவில்லை. அதனை என்ன செய்வது என அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் ஆலோசனை கேட்டார்கள். மூலத்தை நிறுத்தி வைத்துவிட்டு, விளைச்சலைத் தர்மம் செய்யும் வழியை நபியவர்கள் காட்டினார்கள். அந்நிலம் விற்கப்படவோ, அன்பளிப்புச் செய்யப்படவோ, வாரிசுரிமையாகப் பங்கிடப்படவோ மாட்டாது என்ற நிபந்தனையுடன் உமர் (ரழி) அவர்கள் அதனை வக்ஃபு செய்தார்கள். குடும்பமொன்றின் சொத்திலிருந்து உருவாகும் அறநிதி என்று இன்று உலகம் பேசுகின்ற ஏற்பாடு, பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்னரே மதீனாவில் நடைமுறைக்கு வந்துவிட்டது.

அதன் பயனாளிகள் யார் என்பதைக் கவனியுங்கள். ஏழைகள், உறவினர்கள், விடுதலை நாடும் அடிமைகள், அல்லாஹ்வின் பாதையில் உள்ளோர், வழிப்போக்கர்கள், விருந்தினர்கள். உறவினரும் அதில் இருக்கின்றார். ஊர் பேர் தெரியாத வழிப்போக்கரும் அதே ஏற்பாட்டில் இருக்கின்றார். ஒருவரைக் காட்டி மற்றவரை உமர் (ரழி) அவர்கள் தள்ளவில்லை. மற்றுமொரு செய்தி: தமக்குப் பின்னர் அந்த வக்ஃபைப் பராமரிக்கும் பொறுப்பைத் தமது மகளார் அன்னை ஹஃப்ஸா (ரழி) அவர்களிடம் ஒப்படைத்தார்கள். குடும்பத்தின் தர்மத்தை நிர்வகிக்கும் பொறுப்பில் ஒரு பெண்மணி இருந்தார் என்பதை, குடும்பக் கூட்டங்களில் சகோதரிகளின் கருத்தைக் கேட்காத நாம் நினைவிற் கொள்ள வேண்டும்.

நேயர்களே! இது ஸஹாபாக்களின் காலம், நமது காலத்தில் இது சாத்தியமா என்று சிலர் கேட்கக்கூடும். நம் காலத்து மனிதர் ஒருவரின் வரலாற்றைச் சொல்கிறேன்.

வைத்தியர் அப்துர் ரஹ்மான் அஸ்ஸுமைத் அவர்கள் 1947ஆம் ஆண்டு குவைத்தில் பிறந்தார்கள். பக்தாத் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் கற்று, லிவர்பூலில் வெப்பவலய நோய்கள் பற்றிப் பயின்று, கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் உள்ளக நோய் மருத்துவத்தில் சிறப்புத் தேர்ச்சி பெற்றார்கள். குவைத்தில் ஒரு வைத்தியசாலை, நல்ல சம்பளம், வசதியான வீடு என்று வாழ்ந்திருக்க வேண்டியவர். குவைத்தைச் சேர்ந்த ஒரு பெண்மணி பள்ளிவாசல் ஒன்றைக் கட்டுவதற்குக் கொடுத்த பணத்தை எடுத்துக்கொண்டு, கிழக்கு ஆபிரிக்காவிலுள்ள மலாவி நாட்டுக்குச் சென்றார்கள். அந்தப் பயணம் அவரது வாழ்வின் திசையையே மாற்றியது. பசியும், நோயும், அறியாமையும் சூழ்ந்த கிராமங்களை அவர் கண்டார். ஒரு பள்ளிவாசலைக் கட்டிக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட அவரது உள்ளம் இடம் தரவில்லை.

1981ஆம் ஆண்டு ஆபிரிக்க முஸ்லிம்களுக்கான நிறுவனம் உருவானது. 1999ஆம் ஆண்டு முதல் அது 'அல்அவ்னுல் முபாஷிர்', அதாவது 'நேரடி உதவி' என்ற பெயரில் இயங்குகின்றது. ஆயிரக்கணக்கான கிணறுகள், நூற்றுக்கணக்கான பாடசாலைகள், அநாதை நிலையங்கள், வைத்திய நிலையங்கள், பல்கலைக்கழகங்கள் என அதன் பணி ஆபிரிக்கக் கண்டத்தின் பல நாடுகளுக்கு விரிந்தது. அதற்கான பணம் ஒரு செல்வந்தரின் பெட்டியிலிருந்து மட்டும் வந்ததன்று. சாதாரணக் குடும்பங்களும் பெண்களும் மாதாமாதம் கொடுத்த சிறு தொகைகள் அதில் பெரும் பங்கு வகித்தன. உங்கள் வீட்டிலிருந்து செல்லும் ஐந்நூறு ரூபாவை அற்பமாக எண்ணாதீர்கள்.

ஆனால், நான் வலியுறுத்த விரும்புவது வேறொன்று. அவர் தமது குடும்பத்தை விட்டுவிட்டு ஊருக்கு உழைக்கவில்லை. குடும்பத்தையும் சேர்த்துக்கொண்டே உழைத்தார். மனைவி உம்மு ஸுஹைப் அவர்களும் பிள்ளைகளும் ஆபிரிக்கக் கிராமங்களுக்கு அவரோடு பயணித்தார்கள். தமக்கு வாரிசுரிமையாகக் கிடைத்த செல்வத்தையும் உம்மு ஸுஹைப் அவர்கள் அறப்பணிக்கே வழங்கினார்கள் என்று அவரது வாழ்வைப் பற்றி எழுதியோர் குறிப்பிடுகின்றனர். பிற்காலத்தில் அத்தம்பதியினர் மடகஸ்கார் தீவின் தென்கிழக்குக் கரையிலுள்ள மனகாரா என்ற இடத்தில் வீடமைத்துக் குடியேறினார்கள். அப்பகுதியில் வாழும் அன்தைமோரோ மக்களிடம், தமது மொழியை அரபு எழுத்தில் எழுதிய பழைய ஏடுகள் இருக்கின்றன. பல நூற்றாண்டுகளுக்கு முன்னர் கடல் கடந்து வந்த முஸ்லிம்களின் சுவடு அது. அம்மக்கள் மத்தியில், சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் வாட்டிய உடலோடு, அவர் பணியாற்றினார்.

1996ஆம் ஆண்டு இஸ்லாத்துக்குச் செய்த சேவைக்காக மன்னர் பைஸல் விருது அவருக்குக் கிடைத்தது. அதன் பணத்தொகை 750,000 சவூதி ரியால். அத்தொகையை அவர் தமது வீட்டுக்கு எடுத்துச் செல்லவில்லை. ஒரே நாளில் பங்கிட்டுக் கொடுத்துவிடவுமில்லை. ஆபிரிக்கப் பிள்ளைகளின் கல்விக்கான வக்ஃபுக்கு அதனை மூலதனமாக்கினார். மூலம் நிற்க, பலன் ஓடிக்கொண்டிருக்கும் ஏற்பாடு. உமர் (ரழி) அவர்களின் கைபர் நிலம் உங்கள் நினைவுக்கு வருகின்றதா? 2013 ஓகஸ்ட் 15ஆம் திகதி அவர் இறையடி சேர்ந்தார். அல்லாஹ் அவர் மீது அருள் புரிவானாக.

அன்பர்களே! இனி, கிணறு பற்றிச் சிறிது சிந்திப்போம். தண்ணீரைத் தர்மம் செய்வதன் சிறப்பை நாம் அறிவோம். ஸஅத் இப்னு உபாதா (ரழி) அவர்கள் மறைந்த தமது தாயாருக்காகத் தண்ணீர் தர்மம் செய்தார்கள். உஸ்மான் (ரழி) அவர்கள் ரூமா கிணற்றை விலைக்கு வாங்கி மக்களுக்குப் பொதுவாக்கினார்கள். ஆகவே, உம்மாவின் பெயரில் கிணறு என்ற எண்ணம் மிக அழகானது. எனினும், கிணற்றை அமைப்பது ஒரு நாள் வேலை. அதில் தண்ணீர் வந்துகொண்டிருக்கச் செய்வது பல்லாண்டுகளுக்கான வேலை.

ஆபிரிக்கக் கிராமங்களில் பெரும்பாலும் அமைக்கப்படுவது குழாய்க் கிணறும் கைப்பம்பியுமாகும். பம்பியின் உள்ளே உள்ள இறப்பர் வளையங்கள் தேயும். இரும்புக் குழாய் சில மண்ணில் விரைவாகத் துருப்பிடிக்கும். பத்து மைல் தூரத்துக்குள் உதிரிப்பாகம் விற்கும் கடை இராது. திருத்தத் தெரிந்தவர் இரார். கிராமிய நீர் வழங்கல் பற்றி ஆராயும் சர்வதேச வலையமைப்பொன்று 2009ஆம் ஆண்டு செய்த மதிப்பீட்டின்படி, சஹாராவுக்குத் தெற்கேயுள்ள நாடுகளின் கைப்பம்பிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று இயங்காத நிலையில் இருந்தது. நல்ல நிய்யத்துடன் கொடுக்கப்பட்ட பணம் அங்கே துருப்பிடித்து நின்றது. வெண்கற் பலகையில் கொடையாளியின் பெயர் மட்டும் தெளிவாக இருக்க, கிராமத்துச் சிறுமி குடத்தைச் சுமந்துகொண்டு பழைய குட்டைக்கே திரும்பவும் நடந்தாள்.

இதற்குத் தீர்வும் ஆபிரிக்காவிலேயே பிறந்தது. கிராமத்தவரே கழற்றித் திருத்தக்கூடிய 'அஃப்ரிடேவ்' என்ற கைப்பம்பி, 1980களில் மலாவியிலும் கென்யாவிலும் உருவாக்கப்பட்டது. அதனோடு, கிராமத்தில் தண்ணீர்க் குழுவொன்றை அமைத்து, அதில் தண்ணீர் எடுக்கும் பெண்களையே அங்கத்தவராக்கி, ஒவ்வொரு வீட்டிலும் சிறு தொகை சேர்த்து வைத்துப் பழுது பார்க்கும் முறையும் வளர்ந்தது. ஏழைகளால் தங்கள் கிணற்றைத் தாங்களே பேண முடியும். அதற்கு வேண்டிய பயிற்சியும் கருவியும் நம்பிக்கையும் கிணற்றோடு சேர்த்துக் கொடுக்கப்பட வேண்டும்.

ஆகவே, வெளிநாட்டில் தர்மம் செய்ய விரும்பும் குடும்பங்கள் பணம் அனுப்புமுன் நான்கு விடயங்களைக் கேட்டறியுங்கள். அந்தக் கிராமத்தவர் இதனைக் கேட்டார்களா, அல்லது நாமே தீர்மானித்தோமா? பழுதடைந்தால் திருத்துவது யார், உதிரிப்பாகம் எங்கே கிடைக்கும்? ஓராண்டின் பின்னரும் கணக்கும் செய்தியும் நமக்கு வருமா? அது முஸ்லிமுக்கும் முஸ்லிமல்லாதவருக்கும் பொதுவாகத் திறந்திருக்குமா? தாகத்துக்கு மதம் கிடையாது. தாகித்த நாய்க்குத் தண்ணீர் புகட்டியவர் மன்னிக்கப்பட்டார் என்று கற்றுத்தந்த மார்க்கம் நம்முடையது.

நேயர்களே! வாங்கும் பக்கத்தில் இருந்த அனுபவம் நமக்கும் உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் எழுந்து வந்த பொழுது எனக்குப் பதினான்கு வயது. பாடசாலைக் கட்டடமொன்றில் பல குடும்பங்களோடு நாமும் தங்கியிருந்தோம். உலகின் பல திசைகளிலிருந்தும் உதவிகள் வந்தன. அவர்கள் அனைவருக்கும் அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக. வந்த பொதிகளுள் பனிநாடுகளில் அணியும் தடித்த கம்பளி அங்கிகளும் இருந்தன. எங்கள் வெயிலில் அவற்றை யார் அணிவது? சிறுவர்களாகிய நாம் அவற்றின் மீது ஏறிக் குதித்து விளையாடினோம்.

ஒருநாள் வெளிநாட்டுத் தம்பதியினர் இருவர், மொழிபெயர்ப்பாளர் ஒருவருடன் வந்தார்கள். தங்கள் குடும்பத்தார் சேர்த்த பணத்தைக் கொண்டு வந்திருப்பதாகச் சொன்னார்கள். பாயில் எங்களோடு அமர்ந்து, "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று என் தாயாரிடம் கேட்டார்கள். அத்தனை நாட்களில் அக்கேள்வியை எங்களிடம் கேட்ட முதல் மனிதர்கள் அவர்கள்தாம். என் உம்மா, "எங்களுக்கு இரண்டு கிடாரங்கள் வேண்டும்" என்றார். மறுநாள் இரண்டு கிடாரங்களும் அகப்பைகளும் அரிசியும் வந்தன. அன்றிலிருந்து எங்கள் பெண்கள் உணவுப் பார்சலுக்காக வரிசையில் நிற்கவில்லை. தாங்களே சமைத்து, தங்கள் பிள்ளைகளுக்குத் தாங்களே பரிமாறினார்கள். அந்தத் தம்பதியினர் ஒரு புகைப்படமும் எடுக்கவில்லை. அவர்களது பெயரும் எனக்குத் தெரியாது. ஆனால், இரு கைகளையும் ஏந்தித் துஆ கேட்கும் பொழுது, அவர்களது முகம் இன்றும் என் நினைவில் வருகின்றது.

தூரத்து ஏழைக்குக் கொடுக்கத்தான் வேண்டுமா என்று யாரேனும் கேட்டால், அந்தக் கிடாரம்தான் எனது பதில். அன்று அவர்களுக்கு நாம் தூரத்து ஏழைகள். தங்கள் ஊரிலும் ஏழைகள் இருக்கின்றார்கள் என்று அவர்கள் நின்றிருந்தால், என் உம்மா வரிசையிலேயே நின்றிருப்பார்.

இனி, கடிதத்துக்கு வருவோம். நான் அந்த இளைஞருக்கு எழுதிய பதில் இதுதான்.

"சகோதரரே, உங்கள் ராத்தா சொன்னது சரி. ஐவரும் ஒரு நிய்யத்துடன் சேர்த்த பணம் அது. அதில் அவரது இடியப்பக் காசும் இருக்கின்றது. அதனை எடுத்து அவரது கூரையில் போட்டால், தாம் உம்மாவுக்குக் கொடுத்ததைத் தாமே திருப்பி வாங்கியதாக அவர் உணர்வார். அவரது மனம் அதனை ஏற்காது. ஆனால், நீங்கள் கண்டதும் சரி. உங்களது பிழை பணத்தைச் சேர்த்ததில் இல்லை. மூன்றாண்டுகள் ராத்தாவின் வீட்டில் ஓர் இரவும் தங்காததில் இருக்கின்றது.

ஏழைக்குக் கொடுப்பது தர்மம் என்றும், உறவினருக்குக் கொடுப்பது தர்மமும் உறவைப் பேணுதலும் ஆகிய இரண்டு என்றும் நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்துள்ளார்கள். உங்கள் ஸகாத்தையும் தகுதியுடைய சகோதரிக்குக் கொடுக்க மார்க்கம் இடம் தருகின்றது. எனவே, கிணற்றுப் பணத்தை அப்படியே வையுங்கள். நான்கு சகோதரர்களும் தங்கள் சொந்தப் பையிலிருந்து கூரையை மாற்றிக் கொடுங்கள். அதனைத் தர்மம் என்று பெயரிட்டு ராத்தாவின் கையில் வைக்காதீர்கள். சிறு வயதில் உங்களைத் தூக்கி வளர்த்தவருக்குத் தம்பிமார் செய்யும் கடமை என்று செய்யுங்கள். அதனால் கிணறு ஓராண்டு பிந்தினால் பிந்தட்டும். உங்கள் உம்மா உயிருடன் இருந்திருந்தால், எதனை முதலில் செய்யச் சொல்லியிருப்பார் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

கிணற்றைக் கைவிடவும் வேண்டாம். பிறகு அதற்கென அமர்ந்து பேசும் பொழுது, பொறுப்பாளராக ராத்தாவையே நியமியுங்கள். ஐந்நூறு ரூபாவின் பெறுமதியை அறிந்தவர் உங்களுள் அவர் ஒருவர்தாம்."

இரண்டு மாதங்களின் பின்னர் மற்றொரு கடிதம் வந்தது. நான்கு சகோதரர்களும் சேர்ந்து, ஒரு வார விடுமுறையில், மரங்களையும் கூரைத் தகடுகளையும் மாற்றியிருக்கிறார்கள். வேலை முடிந்ததும் ராத்தா அண்ணாந்து பார்த்துவிட்டு, "மழை பெய்யட்டும், பார்ப்போம்" என்று மட்டும் சொன்னாராம். அவ்வளவுதான். அந்த மாதமும் தமது 500 ரூபாவைக் கொடுத்தாராம். கிணறு இன்னும் அமைக்கப்படவில்லை. எந்தக் கிராமம், யார் திருத்துவார், கணக்கு எவ்வாறு வரும் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். கேள்விகளைக் கேட்பவர் ராத்தா என்று எழுதியிருந்தார்.

அன்பிற்குரியவர்களே! 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் வரிசைகளில் நின்ற மக்கள் நாம். நம்மிடம் என்ன இருக்கின்றது கொடுப்பதற்கு என்று எண்ணி அமர்ந்துவிடாதீர்கள். இன்றிரவு உணவுக்குப் பின்னர் உங்கள் வீட்டில் உள்ள அனைவரையும் அமர வையுங்கள். பிள்ளைகளும் இருக்கட்டும். ஒரு முட்டியோ, பழைய பால்மா டின்னோ போதும். முதலில், நமது உறவில் யாருடைய கூரை ஒழுகுகின்றது என்று கேளுங்கள். அடுத்து, நாம் ஒருபோதும் காணப் போகாத எந்த ஊரில் யாருக்குத் தாகம் என்று கேளுங்கள். இவ்விரண்டு கேள்விகளுக்கும் ஒரே வீட்டில் இடமிருக்கின்றது. கைபர் நிலத்தின் ஏற்பாட்டில் இடமிருந்ததைப் போல.

யா அல்லாஹ்! எங்கள் கொடைகளை முகஸ்துதியிலிருந்து பாதுகாப்பாயாக. அண்மையில் உள்ளோரின் துயரைக் காணும் கண்களையும், தூரத்தில் உள்ளோரின் துயரை உணரும் உள்ளங்களையும் எங்களுக்குத் தருவாயாக. மறைந்த எங்கள் பெற்றோரின் மண்ணறைகளை ஒளிமயமாக்குவாயாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.